விஜயதசமியன்று மாட்டிய காயில்

சனிக்கிழமை மழையில் ஸ்கூட்டர் நடுவழியில் நின்றுபோனதால் நான் டயாலிசிஸைத் தவறவிட்டேன். அடுத்த செவ்வாயையும் விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டார், எனக்குக் கேட்கக் கூடாதாம். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "ஒண்ணுமில்ல அம்சம், தண்ணி கொறச்சுக் குடிக்கச் சொன்னாரு" என்றார். ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷனை எனக்குப் பார்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. கும்பகோணத்தில் ஒரு சென்டரில் வாரத்துக்கு மூன்று நாள் படுத்து, உடம்பு ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டுச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் நடமாட்டம். செவ்வாய், வியாழன், சனி. மூன்றும் காலை ஷிப்ட். நேரத்துக்குப் போகவில்லையென்றால் நம் மெஷினில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பண்ண, காத்துக் கிடக்கிற கூட்டம் அப்படி. எங்கள் ஊரோ குடவாசலுக்கும் உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவில் இருக்கிறது. முதல் பஸ் வந்து, அது ஊர் ஊராக நின்று போய்ச் சேர்வதற்குள் காலை ஷிப்ட் பாதி ஓடியிருக்கும். அந்த ஸ்கூட்டர்தான் எனக்கு உயிர். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான்.

அது ஒரு கிழட்டுக் குட்டி வண்டி. உதைத்துத்தான் கிளப்பணும். அதற்குள்ளே பாயிண்ட் என்று ஒரு சாமான் இருந்தது. அது திறந்து திறந்து மூடினால்தான் பிளக்கில் பொறி அடிக்கும், பொறி அடித்தால்தான் பெட்ரோல் பற்றும். அந்தச் சனியனுக்கு ஈரமே ஆகாது. மார்கழிப் பனிக்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், மழை என்றால் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை நனைந்து வீடு வந்து சேர்ந்ததும் என் வீட்டுக்காரர் மருதையன் சபதம் எடுத்தார். "இந்தப் பாயிண்டே வேணாம். எலக்ட்ரானிக் செட்டா மாட்டிப்புடுறேன். அப்பறம் மழையாவது மண்ணாவது."

அன்றைக்கே குடவாசல் போய் அந்தச் செட்டை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு கறுப்புப் பெட்டி, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் என்று ஒரு கம்பிச்சுருள், நாலைந்து ஒயர். மெக்கானிக் சலாஹுதீன் எங்களுக்கு வெகுநாள் பழக்கம். அவன் அப்போதே சொல்லியிருக்கிறான். "அண்ணே, நாளைக்கு ஆயுத பூஜை, கடை லீவு. பசங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டானுங்க. செவ்வாக்கெழம கொண்டாங்க, நானே மாட்டித் தர்றேன்." செவ்வாய்க்கிழமை காலையில் என்னைக் கொண்டுபோக வேண்டுமே! அதனால் இவரே மாட்டுவதென்று முடிவு பண்ணினார். அதுவும் விஜயதசமியன்று. "அன்னக்கித் தொடங்குனா வெளங்கும்டி" என்றார்.

இதோடு நிறுத்தினாரா? ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் பெயிண்ட் அடிக்காமல் எதுவும் தப்பாது. பம்புசெட் மோட்டாருக்குப் பச்சை அடிப்பார், மீந்ததை மண்வெட்டிக்கு அடிப்பார், இன்னும் மீந்தால் ஜன்னல் கம்பிக்கு. இந்த வருஷம் ஸ்கூட்டரின் பக்கத்து மூடிகளைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருக்கிற சட்டம் வரைக்கும் பச்சையாக அடித்துத் தள்ளினார். பூஜைக்கு வருகிற பொருளில் துரு தெரியக் கூடாதாம். சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, வண்டி கல்யாணப்பெண் மாதிரி நின்றது.

மறுநாள் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார். வீடியோவில் இருந்த பையன் காயிலை வைக்கிற இடத்தை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னான். நானே கேட்டேன். இவர் காதில் விழுந்தும் விழாத மாதிரி போல்ட்டை எடுத்தார்.

"தேய்க்கச் சொல்றான் பாருங்க" என்றேன்.

"நேத்துப் பூஜ போட்ட வண்டிய இன்னக்கி உப்புத்தாளப் போட்டுச் சொரண்டுறதா? அதுவும் விஜயதசமியும் அதுவுமா? அவனுக்கு என்ன தெரியும், எந்த ஊர்க்காரனோ."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த இடத்தில் சந்தனப் பொட்டு வேறு இருந்தது. பெயிண்டுக்கு மேலேயே காயிலை வைத்து முறுக்கினார். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. மாரியம்மன் கோயில் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, "எப்புடி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

செவ்வாய் விடியும்போது எனக்குப் படுக்கவே முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மெட்டியைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. சென்னையில் என் மகள் செம்மொழி மாசமாக இருக்கிறாள். அவள் பிள்ளையை ஒரு தடவையாவது மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னால் போய்விடக் கூடாது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

குறுவை அறுப்பு முடிந்த நேரம். ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்தது. மிச்சப் பாதியில் ஓட்டிக்கொண்டு போனார். ஊர் எல்லையைத் தாண்டி வாய்க்கால் மதகுக்கிட்ட வந்ததும் வண்டி இரண்டு தடவை இருமியது. "ஏய் ஏய் ஏய்" என்று அதை அதட்டினார். அது கேட்கவில்லை. நின்றுவிட்டது.

உதைத்தார். உதைத்தார். இன்னும் உதைத்தார். அறுபதைத் தாண்டிய முழங்கால். நான் மதகின் மேல் உட்கார்ந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு வாயில் மூச்சு மட்டும் இருந்திருந்தால் ஊரே கேட்டிருக்கும்.

"புதுசு மாட்டுறேன் புதுசு மாட்டுறேன்னு... இருந்ததையும் கெடுத்தீங்களா?"

"கொஞ்சம் சும்மா இரு புள்ள."

"சேரனுக்குப் போன் போடுங்க."

சேரன் எங்கள் ஊர் ஆட்டோக்காரன். போட்டார். அன்று ஊரில் ஒரு குடும்பத்துக்குக் குலதெய்வக் கோயில் படையல். அவர்களை ஏற்றிக்கொண்டு அவன் திருவையாறு போய்விட்டானாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், அங்கே இந்த மெஷின் கிடையாது. அறுப்பு மெஷின் ஒன்று எதிர்ப்பக்கம் போயிற்று. மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்த பைக் ஒன்று பட்டுச்சட்டையோடு பறந்தது. அவ்வளவுதான். ரோடு காலி.

அப்புறம்தான் சலாஹுதீனைக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு மதகில் என் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணே, பதறாதீங்க. பிளக்கக் கழட்டுங்க. கேப்புல மாட்டி, என்ஜின் மேல படுற மாதிரி வச்சுட்டு உதைங்க. கரண்ட் என்ன கலர்ல வருதுன்னு பாருங்க."

வைத்து உதைத்தார். வெயில் ஏறிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. "இருட்டா இருக்கணும்ணே, வெளிச்சத்துல தெரியாது" என்றான் அவன். எங்கே போவது இருட்டுக்கு, நட்டநடு வயலில்? நான் எழுந்து போய் முந்தானையை அவிழ்த்து, வண்டியையும் அவர் தலையையும் என் தலையையும் சேர்த்து மூடினேன். உள்ளே பெட்ரோல் வாசனையும் அவர் வேர்வை வாசனையும். ஒரு காலால் அவர் உதைக்க, நான் குனிந்து பார்த்தேன்.

"வருது. மஞ்சளா, மயிர் கணக்கா. வந்து வந்து போவுது" என்றேன் போனைப் பார்த்துக் கத்தி.

"மஞ்சள் ஆகாதுக்கா. நீலமா, டப்பு டப்புன்னு அடிக்கணும். பிளக்க மாத்திப் பாருங்க."

வேறு பிளக் வண்டிப் பெட்டியில் இருந்தது. மாற்றினார், அதே மஞ்சள்தான். பிளக் ஒயரின் நுனியை வெட்டிப் புதுசாக மாட்டச் சொன்னான். பல்லால் கடித்து வெட்டினார், அப்போதும் மஞ்சள். ஆஃப் சுவிட்ச் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பார்க்கச் சொன்னான். பிடுங்கினார். மஞ்சள்கூட மங்கிக்கொண்டு போயிற்று. கறுப்புப் பெட்டியே கெட்டதோ என்று சலாஹுதீன் தனக்குள் முனகியது ஸ்பீக்கரில் கேட்டுத் தொலைத்தது.

முந்தானைக்குள்ளே இவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை. மீசையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத அழுகை அது. எனக்கு வைத்திருந்த கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இந்தாங்க, அழுதுகிட்டே உதைச்சா வண்டி வந்துடுமா? உதைங்க, நான் பிடிச்சுக்குறேன்" என்றேன்.

எனக்குத் தலை சுற்றியது. மெஷினில் மாட்டுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்ணியிருக்கிறது, அதை ஊன்றக் கூடாது. விழாமல் இருக்க வலது கையை நீட்டி, மூடி கழற்றிய இடத்தில் உள்ளே இருந்த எதையோ பிடித்துக்கொண்டேன். அவர் உதைத்தார். அவ்வளவுதான், தோள்பட்டை வரைக்கும் யாரோ கட்டையால் போட்ட மாதிரி ஒரு அடி. "அய்யோ அம்மா!" என்று அலறிக்கொண்டு பின்னால் நெல்லின் மேல் விழுந்தேன்.

இவர் ஓடிவந்து என்னைத் தூக்குகிறார், தொடுகிறார், "அம்சம், அம்சம்" என்று கன்னத்தில் தட்டுகிறார். மதகில் கிடந்த போன் கத்தியது. "அக்கா! என்னக்கா ஆச்சு?"

"கரண்ட் அடிச்சிடுச்சுடா" என்றேன்.

"எங்க கை வச்சிருந்தீங்க? பிளக் ஒயர்லயா?"

பார்த்தேன். கை வைத்த இடத்தில் பெயிண்டும் குங்குமமும் ஒட்டியிருந்தன. "ஒயர்ல இல்ல. காயில் மேல, அந்த இரும்பு மேல."

அவன் உடனே இவரைக் கேட்டான், "அண்ணே, காயில அப்படியே பெயிண்டு மேலயா மாட்டுனீங்க?"

"ஆமா."

"அடப் போங்கண்ணே! எர்த் இல்ல! அந்த இரும்பும் வண்டிச் சட்டமும் ஒட்டிக் கெடக்கணும், அப்பத்தான் கரண்டுக்குத் திரும்பிப் போற வழி. பெயிண்டு தடுத்துடும். நேத்து போல்ட்டு எங்கயோ லேசாத் தொட்டுக்கிட்டு ஓடியிருக்கு, ஆட்டத்துல அதுவும் விட்டுப்போச்சு. வழி கெடைக்காமத்தான் அக்கா கையில பாஞ்சிருக்கு. கழட்டிச் சொரண்டுங்க. இரும்பு வெள்ளையாத் தெரியணும்."

இவர் போல்ட்டைக் கழற்றினார். சுரண்டுவதற்கு ஒன்றும் இல்லை. வயல் வரப்பில் கிடந்த உடைந்த ஓட்டாஞ்சில்லை எடுத்துவந்து, பச்சைப் பெயிண்டையும் சந்தனப் பொட்டையும் சேர்த்துப் பறபறவென்று சுரண்டினார். சாமியாவது பூதமாவது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. மறுபடி மாட்டி முறுக்கி, மறுபடி முந்தானையைப் போட்டு, மறுபடி உதைத்தார். நீலம். கண்ணைக் குத்துகிற நீலம். டப் டப்பென்று சத்தம் வேறு. இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. இவர் போனைப் பார்த்துக் கும்பிட்டார், சலாஹுதீனுக்கு அது தெரியவா போகிறது!

ஆனால் நேரம் போய்விட்டது.

சென்டரில் என் மெஷினில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நர்ஸ் மதிவதனி நல்ல பெண். என் காலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அம்சம்மா, சனிக்கெழமயும் வரல, இன்னக்கி இவ்வளவு லேட்டா வர்றீங்களே" என்றாள். டாக்டரிடம் ஓடினாள், வேறு இரண்டு இடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டாள். எங்கேயும் இடம் இல்லை. "மத்தியான ஷிப்டும் ஃபுல்லா இருக்கும்மா. யாராவது வரலன்னா ஒடனே ஒங்களப் போட்டுடறேன். இங்கயே ஒக்காருங்க, எங்கயும் போயிடாதீங்க" என்று ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்துவிட்டுப் போனாள்.

யாராவது வரவில்லையென்றால். அந்த வார்த்தைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. வாசல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு ரோட்டையே பார்த்தார். மத்தியான ஷிப்டுக்காரர்கள் எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் எங்களை மாதிரி ஆட்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒரு போர்வை, ஒரு பிளாஸ்க், பிடித்துக்கொண்டு நடக்கிற கை, கூடவே ஒரு துணை.

ஒரு கார் வந்தது. வயசான ஐயர் ஒருவரை மகன் இறக்கினான். "ஒண்ணு வந்துடுச்சு" என்றார் இவர். ஒரு ஆட்டோ. "அதுவும் வந்துடுச்சு." ஸ்கூட்டரில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும், எங்கள் வயசுதான், அந்தம்மா முக்காடு போட்டு இருமிக்கொண்டே இறங்கினாள். இவர் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டார். எனக்குக் கேட்டது.

"தாயே, ஒரே ஒரு வண்டி. எவன் வண்டியாவது ஒண்ணு மட்டும் இன்னக்கி ஸ்டார்ட் ஆவக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருத்தருக்கு ஒரு சொல் கெட்டது நினைக்காத மனுஷன். பக்கத்து வயல்காரன் மடையை அடைத்தபோதுகூட, "அவனுக்கும் பயிர் காயுதுல்ல" என்று சொன்னவர்.

"வாயக் கழுவுங்க" என்றேன். "அவங்களும் நம்மள மாதிரித்தானே? அங்கயும் ஒரு மனுஷன் ரோட்டுல நின்னு ஒதைக்கணுமா?"

திரும்பினார். கண் சிவந்திருந்தது. "ஒனக்கு என்னடி தெரியும்? டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியுமா ஒனக்கு? இன்னக்கியும் விட்டா நெஞ்சு நின்னுபோவும்னாரு. ராவுக்குத் தாங்காதுன்னாரு. நான் யாருக்குப் பாக்குறது, சொல்லு. ஒலகத்துக்கா பாக்குறது?"

அதற்குப் பிறகு நானும் அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் கட்டுப் போட்ட ஒரு பையனை அவன் அம்மா தாங்கிக்கொண்டு வந்தாள். ஏன்டா வந்தாய் என்றுதான் எனக்கும் தோன்றியது.

மத்தியான ஷிப்டுக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இவர் அப்படியே சுவரோரம் சறுக்கி உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. மதிவதனிதான். "அம்சம்மா, எழுந்திரிங்க. பெட் இருக்கு."

இவர் துள்ளி எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "மகாலிங்கசாமி!" என்றார். திருவிடைமருதூர்க் கோபுரம் என்னவோ அந்த ஆஸ்பத்திரிச் சுவருக்கு அந்தப் பக்கமே நிற்கிற மாதிரி. "யாரோ வண்டி மக்கர் போலருக்கு! நல்லா இருக்கணும், அவுங்க நல்லா இருக்கணும்!"

மதிவதனி அவரைப் பார்க்காமல் என் கையைப் பிடித்து எழுப்பினாள். "மெதுவா வாங்கம்மா. இனிமே நீங்க காலையில அடிச்சுப் புடிச்சுக்கிட்டு வரவேணாம். செவ்வாய், வியாழன், சனி, மூணு நாளும் மத்தியானம் இதே பெட்டுலயே போட்டுடறேன். காலியாத்தான் இருக்கும். இப்பத்தான் அந்தப் பெட்டுக்காரங்க வீட்டுலேர்ந்து போன் பண்ணுனாங்க."

இவர் கை தலைக்கு மேலேயே நின்றது. கீழே கொண்டுவரவும் தெரியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. அப்படியே என்னைப் பார்த்தார், நான் எதையாவது சொல்லித் திட்டுவேன் என்று. திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பெட் என்று அவள் சொன்ன நிமிஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, போன் வந்தது என்று சொன்ன பிறகும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.

விரிப்பு புதிதாகப் போட்டிருந்தது. ஏறிப் படுத்து இடது கையை நீட்டினேன்.